குவாங்ஜுவில் ஓர் ஓவியரைச் சந்தித்துப் பேச: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கொரியாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் சியோலில் சில நாள் தங்கி, நேரமிருந்தால் பூசானையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு கலைஞரின் எதிரே அமர்ந்து, அவர் எப்படிப் படைக்கிறார் என்று நிதானமாகப் பேசிவர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு, அந்த இரண்டு நகரங்களையும்விடத் தென்மேற்கே இருக்கும் குவாங்ஜுதான் ஏற்ற இடம் என்பது என் கருத்து. மையால் தீட்டும் ஓவிய மரபு, எண்ணெய் வண்ண மரபு, இராணுவ ஆட்சிக்கு எதிரான 1980-ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியை ஒட்டி வளர்ந்த மரச்செதுக்கு அச்சு மரபு, 1995 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் பன்னாட்டுச் சமகாலக் கலைக் கண்காட்சியான குவாங்ஜு பியென்னாலே ஆகிய நான்கும் ஒரே நகரத்தில், பேருந்திலும் நடையிலுமாகச் சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் இருக்கின்றன. நகரைச் சுற்றுவதையும் கலைஞரோடு உரையாடுவதையும் இந்தக் கட்டுரை ஒரே வேலையாகவே கருதுகிறது. நகரைப் பார்க்காமல் நேரே ஓவியக்கூடத்துக்குச் செல்பவருக்கு, "உங்கள் கற்பனை எங்கிருந்து வருகிறது?" என்ற ஒரே கேள்விதான் கையில் இருக்கும், அந்தக் கேள்விக்கு எந்த ஓவியரிடமும் உருப்படியான பதில் கிடையாது.

எப்போது, எப்படிச் செல்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் முன்கூட்டியே விசா பெற வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இன்றிச் செல்லலாம் என்றாலும், இணையவழி முன்பதிவு அனுமதி தொடர்பான விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் கொரிய அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பியென்னாலே நடக்கும் காலத்தில் செல்வதா, நடக்காத காலத்தில் செல்வதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 15-ஆவது பியென்னாலே 2024 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 1 வரை நடந்தது. அத்தகைய இலையுதிர் காலத்தில் சென்றால் பார்ப்பதற்கு ஏராளம் இருக்கும், ஆனால் உள்ளூர்க் கலைஞர்களுக்கு அப்போது மூச்சுவிட நேரம் இருக்காது. பேசுவதே உங்கள் முதன்மை நோக்கம் என்றால், ஏப்ரல் மாதமோ பியென்னாலே இல்லாத ஆண்டின் அக்டோபரோ வசதியானது. ஜூலையில் மழைக்காலம் நிலவும். அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், அந்த நாளை மலைக்கும் சந்தைக்கும் ஒதுக்கிவையுங்கள்.

சியோலின் யோங்சான் நிலையத்திலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்று சேரலாம். இறங்க வேண்டிய இடம் 'குவாங்ஜு-சோங்ஜோங்' நிலையம்; 'குவாங்ஜு' என்று மட்டும் பெயருள்ள பழைய நிலையம் வேறு, அதிவேக ரயில் அங்கே செல்வதில்லை. சோங்ஜோங்கில் இறங்கியதும் கீழேயே மெட்ரோ இருக்கிறது. நகரில் இப்போது இயங்கும் 1-ஆம் வழித்தடத்தில் ஏறி 'முன்ஹ்வாஜோன்தாங்' நிலையத்தில் இறங்கினால், ஆசியப் பண்பாட்டு மையத்தின் வாசலுக்கே வந்துவிடலாம். அந்த வட்டாரத்திலேயே அறை எடுத்துக்கொண்டால், கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே செல்லலாம்.

கைப்பேசியில் கூகுள் வரைபடத்தை நம்பிக் கொரியாவில் நடக்கத் தொடங்காதீர்கள். அங்கே வழி காட்டுவதில் அதற்குக் குறைகள் உண்டு. நேவர் வரைபடம் அல்லது காக்காவோ வரைபடம், மொழிபெயர்ப்புக்குப் பப்பாகோ, செய்திப் பரிமாற்றத்துக்குக் காக்காவோடாக் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் கட்டணம் செலுத்த உதவும் டி-மணி அட்டையை எந்தச் சிறு கடையிலும் வாங்கலாம். அதில் பணம் நிரப்ப ரொக்கம் கேட்பார்கள். அவசரத்துக்கு 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழைத்தால், ஆங்கிலத்தில் கேட்டு எதிரே இருப்பவருக்குக் கொரிய மொழியில் சொல்லிவிடுவார்கள்.

புறப்படும் முன்பே கடிதம் எழுதுங்கள்

ஓவியக்கூடத்தின் கதவை முன்னறிவிப்பின்றித் தட்டுவது கொரியாவில் நாகரிகமாகாது. குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதற்கு, யாங்னிம்-தோங் பகுதியின் ஹோராங்காசி குன்றில் உள்ள கலைக்கூடங்களும், குவாங்ஜு கலை அருங்காட்சியகம் நடத்தும் தங்கிப் படைக்கும் திட்டங்களும் நல்ல தொடக்கம். அங்கே தங்கியிருப்பவர்களின் பெயர்களை அந்தந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன. கொரியக் கலைஞர்கள் பலரும் இன்ஸ்டாகிராமில் தம் படைப்புகளை இடுகிறார்கள் என்பதால், அதில் செய்தி அனுப்புவதே மின்னஞ்சலைவிட விரைவாகப் பதில் பெற்றுத் தரும்.

கடிதம் நீளக்கூடாது. நீங்கள் யார், அவருடைய எந்தப் படைப்பை எங்கே பார்த்தீர்கள், எந்த இரண்டு நாட்களில் வர முடியும், எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள், பேசியதை எங்கேனும் எழுதி வெளியிடுவீர்களா, மொழிபெயர்ப்புக்கு யார் வருவார் ஆகியவற்றைச் சொன்னால் போதும். ஒரு மணி நேரம் கேளுங்கள். பேச்சு பிடித்துப்போனால் அவரே நீட்டிப்பார். "உங்கள் படைப்புகள் அனைத்தும் அற்புதம்" என்று எழுதுவதைவிட, "உங்கள் இன்ன ஓவியத்தின் கீழ்ப்பாதி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்க விரும்புகிறேன்" என்று எழுதுபவருக்கே பதில் வரும். விளிக்கும்போது பெயரோடு 'ஜாக்கா-நிம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள். வயதில் மூத்த ஓவியரை, குறிப்பாக மாணவர்களுக்குக் கற்பிப்பவரை, 'சொன்செங்-நிம்' என்பது இன்னும் பொருத்தமாக இருக்கும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் மௌனம் என்றால், அது மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு எழுதுங்கள்.

முதல் நாள்: கும்னாம்-ரோ

நகரின் நடுவே செல்லும் கும்னாம்-ரோ சாலையில் உள்ள ஜோனில் கட்டடம் 245-இல் தொடங்குங்கள். 1980 மே 18 முதல் 27 வரை, இராணுவச் சட்டத்தை எதிர்த்து எழுந்த இந்நகர மக்கள் படையினரால் சுடப்பட்டார்கள். 27-ஆம் தேதி விடியற்காலை, மாகாண அரசு அலுவலகத்தில் கடைசிவரை இருந்தவர்களும் வீழ்ந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் இந்தக் கட்டடத்தின் மேல்மாடிகளில் பல பத்தாண்டுகள் கழித்து 245 குண்டுத் தடங்கள் கணக்கிடப்பட்டன. அவற்றுள் பல, வானில் நின்ற ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டவை என்று தடயவியல் ஆய்வு கூறியது. கட்டடத்தின் கதவு எண்ணும் 245 என்பது தற்செயல். பத்தாவது மாடித் தூணிலும் தரையிலும் உள்ள குழிகளை எண்ணிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அவை எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கின்றன என்பதை அருகில் நின்று பார்த்தாலே, மேலிருந்து வந்த குண்டு என்பது விளங்கிவிடும். இங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். மொட்டை மாடிக்கு ஏறினால் சதுக்கமும் அதற்கப்பால் முதுங்சான் மலையும் தெரியும்.

எதிரே 2015-இல் திறக்கப்பட்ட ஆசியப் பண்பாட்டு மையத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே கட்டப்பட்டுள்ளது. பழைய மாகாண அலுவலகத்தை மறைத்துவிடாதபடி, புதிய கட்டடத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டார் அதன் வடிவமைப்பாளர் வூ கியு-சுங். பழைய அலுவலகத்தில் மீட்டமைப்புப் பணிகள் நடந்துவந்திருப்பதால், உள்ளே செல்ல முடியுமா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் 518 என்ற எண்ணுள்ள பேருந்தில் ஏறி மே 18 தேசியக் கல்லறைக்கும் சென்றுவரலாம். அந்தப் பேருந்துக்கு அந்த எண் வேண்டுமென்றே சூட்டப்பட்டது.

கலையைப் பற்றிப் பேச வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2024-இல் இலக்கிய நோபல் பெற்ற ஹான் காங் பிறந்த ஊர் இது. எழுச்சியில் பங்கேற்ற ஓவியர் ஹோங் சோங்-தாம், அந்த நாட்களை மரச்செதுக்கு அச்சுகளாக வெட்டினார். மரக்கட்டையும் உளியும் இருந்தால் எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்து ஊரெங்கும் கொண்டு சேர்க்கலாம் என்பதுதான் அந்தக் காலத்தில் அச்சுமுறை அத்தனை பரவியதற்குக் காரணம். 2014-இல் பியென்னாலேவின் 20-ஆம் ஆண்டுச் சிறப்புக் கண்காட்சிக்காக அவர் குழுவினரோடு வரைந்த பெரிய ஓவியம், அன்றைய அதிபரைக் கேலி செய்தது என்பதால் நிறுத்திவைக்கப்பட்டு, பெரும் சர்ச்சையாகி, 2017-இல்தான் குவாங்ஜு கலை அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. இந்த ஊர்க் கலைஞரிடம் சுதந்திரம், படைப்பு என்று பேசும்போது, அவர் மனத்தில் ஓடுவது இத்தகைய நிகழ்வுகள்தாம்.

இரண்டாம் நாள்: மலையடிவாரம்

முதுங்சான் 1,187 மீட்டர் உயரமுள்ள மலை. 2018 முதல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா. அதன் உயரத்தையே எண்ணாகக் கொண்ட 1187 பேருந்து வொன்யோசா கோயில் பக்கம் செல்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது இன்னொரு பக்கம், ஜுங்சிம்சா கோயிலுக்குச் செல்லும் பாதை. அங்கே நீரோடையை ஒட்டி உய்ஜே அருங்காட்சியகம் இருக்கிறது.

உய்ஜே என்ற புனைபெயர் கொண்ட ஹோ பேக்-ரியோன் (1891–1977) ஜிந்தோ தீவில் பிறந்து, பின்னாளில் இந்த மலையடிவாரத்தில் குடியேறியவர். மையும் வெறுமையும் கொண்டு மலையும் நீரும் தீட்டும் 'தென்மரபு' ஓவியத்தின் கடைசிப் பெரும் கலைஞர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். ஓவியத்தோடு நிற்காமல் தேயிலைத் தோட்டம் வளர்த்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவர் வாழ்ந்த சிறு வீடு பாதைக்கு மேலே இன்னும் இருக்கிறது. அதன் அளவைப் பார்த்தபின் அவருடைய ஓவியங்களில் உள்ள பரந்த வெளியைப் பாருங்கள்.

அதே நகரின் ஜிசான்-தோங் பகுதியில் வாழ்ந்தவர் ஓ ஜி-ஹோ (1905–1982). எண்ணெய் வண்ணம், வெயில், நிழலிலும் நிறம் காணும் கண் என்று முற்றிலும் எதிர்த்திசையில் சென்றவர். அவர் இருந்த கூரை வீட்டை நகரம் நினைவிடமாகக் காத்துவருகிறது. இந்த இரண்டு வீடுகளையும் பார்த்துவிட்டால், பிற்பாடு எந்த உள்ளூர் ஓவியரிடமும் "நீங்கள் இந்த இருவரில் யாருக்கு அருகில்?" என்று கேட்கலாம். இருவருக்கும் அருகில் இல்லை என்று அவர் மறுத்தாலும், அந்த மறுப்பே ஒரு நல்ல உரையாடலின் தொடக்கமாகிவிடும்.

ஜிசான்-தோங்கிலேயே பார்லி சோற்றோடு பலவகைக் கீரைகளும் காய்களும் பரிமாறும் உணவகங்கள் இருக்கின்றன. சைவ உணவு உண்போருக்கு இது ஓரளவு பாதுகாப்பான தேர்வு. என்றாலும் இந்த வட்டாரத்துக் கிம்ச்சி ஊறுகாயில் உப்பிட்ட மீன் தாராளமாகச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, மீனும் மீன்சாறும் வேண்டாம் என்று எழுதிக் காட்டுங்கள்.

யாங்னிம்-தோங், தேயின் சந்தை

பண்பாட்டு மையத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தால் யாங்னிம்-தோங் வரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிறித்தவப் போதகர்கள் கட்டிய செங்கல் வீடுகளும், பழைய கொரிய வீடுகளும் அடுத்தடுத்து நிற்கும் குன்றுப்பகுதி இது. பழைய ஓவியங்களைத் திரையில் மெல்ல அசையவிடும் ஊடகக் கலைஞர் லீ லீ-நாமின் கலைக்கூடமும் இங்கேதான் இருக்கிறது; அதிலேயே காப்பிக்கடையும் உள்ளதால், யார் வேண்டுமானாலும் உள்ளே சென்று அமரலாம். பழைய கடிகாரங்களையும் பாத்திரங்களையும் சுவரெங்கும் மாட்டிவைத்த 'பெங்குவின் கிராமம்' சந்துகளில் புகைப்படக்காரர் கூட்டம் அதிகம். காலையில் சீக்கிரமாகச் சென்று விரைவாக முடித்துக்கொள்வது நலம்.

தேயின் சந்தை வேறு வகை. வணிகம் குறைந்து மூடிக்கிடந்த கடைகளுக்குள் 2008 பியென்னாலேயின்போது கலைஞர்கள் குடியேறத் தொடங்கினார்கள். மீன்கடைக்கும் ஊறுகாய்க்கடைக்கும் நடுவே ஓர் ஓவியக்கூடம் இருப்பது எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். 1980-இல் இத்தகைய சந்தைகளின் பெண்கள் கையால் உருட்டிய சோற்றுருண்டைகளைப் போராடுவோருக்குக் கொடுத்தார்கள். அந்தச் சோற்றுருண்டை இன்று நகரின் அடையாள உணவுகளில் ஒன்று.

ஓவியக்கூடத்துக்குள்

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். வெறுங்கையோடு செல்லாதீர்கள், பழமோ ரொட்டிக்கடைப் பண்டமோ ஒரு சிறு பெட்டி போதும், விலையுயர்ந்த பரிசு அவரைச் சங்கடப்படுத்தும். வாசலில் காலணி கழற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். முகவரி அட்டையையும் தேநீர்க் கிண்ணத்தையும் இரு கையாலும் கொடுத்து வாங்குங்கள். உங்கள் வயதையும் வேலையையும் அவர் முதலிலேயே கேட்டால் அது துருவல் இல்லை. எந்த அளவு மரியாதைச் சொல்லில் உங்களிடம் பேசுவது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், முடியாத ஓவியத்தை எடுக்காதீர்கள்.

முதல் கேள்வி கையில் உள்ள பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். பண்பாட்டு மையத்துக்கு அருகே உள்ள கலைத்தெருவில், மாடியறை ஒன்றில் மூங்கில் தீட்டும் முதிய ஓவியர் ஒருவரிடம், எதற்காக இரண்டு வகைத் தாள்களை அடுக்கிவைத்திருக்கிறார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டிலும் ஒரு துண்டு கிழித்து, தூரிகை நுனியால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை வைத்தார். ஒன்றில் மை ஓரம் கலைந்து, இழை இழையாக அகன்றுகொண்டே போனது; படிக்காரமும் பசையும் கலந்த நீர் பூசிய மற்றதில், சொட்டு உருண்டையாகவே நின்றது. ஈரம் மிகுந்த நாளில் முதல் தாளைத் தொடுவதில்லை என்றும், மழைக்காலத்தில் எழுத்துப் பயிற்சி மட்டும் செய்வதாகவும் சொன்னார். பிறகு அவராகவே மேசைக்கடியிலிருந்து கெட்டுப்போன தாள்களின் கட்டை இழுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கெட்டது என்று விரலால் காட்டத் தொடங்கினார். படைப்பு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

இதே வழியில் வேறு கேள்விகளையும் அமைத்துக்கொள்ளலாம். இன்று காலை இந்த அறைக்குள் வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? இந்த ஓவியத்தில் முதலில் இருந்து பிறகு நீங்கள் எடுத்துவிட்டது எது? முடிந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? யாருடைய ஓவியங்களைப் படியெடுத்துக் கற்றீர்கள்? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். மை ஓவிய மரபில் முன்னோர் படைப்பைத் திரும்பத் திரும்பப் படியெடுப்பதே பயிற்சி. அதை அவர்கள் குறையாகக் கருதுவதில்லை, புதுமை அந்தப் படியெடுப்பின் வழியாகத்தான் வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இளைய ஊடகக் கலைஞரிடம் கேட்டால் நேர்மாறான பதில் வரக்கூடும்.

மே 1980-ஐ நீங்களாக முதலில் எடுக்காதீர்கள். அறுபது வயது கடந்தவர் என்றால் அவர் அப்போது தெருவில் இருந்திருக்கலாம், உறவினரை இழந்திருக்கலாம். இளையவர் என்றால், தம் ஒவ்வொரு கோட்டிலும் அந்த நிகழ்வையே தேடுகிற பார்வையாளர்களால் சலித்துப்போயிருக்கலாம். முதல் நாள் எங்கெங்கே சென்றீர்கள் என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவையுங்கள். விருப்பமிருந்தால் அவரே தொடருவார்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. இந்த வட்டாரம் பான்சோரி என்ற கதைப்பாட்டுக்குப் பேர்போனது. ஒருவர் பாட, ஒருவர் முரசடிக்க, அவையினர் இடையிடையே உரக்கப் பாராட்டுக் குரல் கொடுப்பார்கள், அந்தக் குரல் இல்லாவிட்டால் பாடகர் களைத்துப்போவார். நம் கச்சேரியில் "பேஷ்!" என்று எழும் குரலைப் போன்றதே அது. உரையாடலிலும் தலையசைப்பு, "ஆ, அப்படியா" போன்ற சிறு ஒலிகள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஆனால் அவர் பேச்சை நிறுத்தி யோசிக்கும்போது, அந்த அமைதியை உங்கள் அடுத்த கேள்வியால் நிரப்பிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு

செயலியை மட்டும் நம்பினால் பொருட்களைப் பற்றிய பேச்சு ஓரளவு நடக்கும், கருத்துகளைப் பற்றிய பேச்சு குழம்பும். பப்பாகோவில் எழுவாயை விடாமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதி, வந்த கொரிய வாக்கியத்தை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபாருங்கள். கேள்விகளை முந்தைய நாளே கொரிய மொழியில் அச்சிட்டு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. இயன்றால் ஒரு மனிதரையே அழைத்துச் செல்லுங்கள். வெளிநாட்டவருக்கு உதவும் குவாங்ஜு பன்னாட்டு மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு உரிய ஊதியத்தை முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேசும்போது உங்கள் பார்வை ஓவியர் மேல் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பவர் மேல் அல்ல.

சந்திப்புக்குப் பிறகு

அன்று மாலையே நன்றி தெரிவித்துக் குறுஞ்செய்தி அனுப்பி, எடுத்த படங்களில் நல்லவற்றைச் சேர்த்துவிடுங்கள். எழுதி வெளியிடுவதாக இருந்தால், அவர் சொன்னதாக நீங்கள் மேற்கோளிடும் வரிகளைக் கொரிய மொழியில் மாற்றி அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். ஓவியத்தின் புகைப்படத்தை வெளியிடும் உரிமை ஓவியருடையது என்பதால், அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

ஓவியம் வாங்க விரும்பினால் விலையைக் கூடத்திலேயே பேரம் பேசாமல், பின்னர் எழுதிக் கேளுங்கள். சிலர் காட்சிக்கூடம் வழியாகத்தான் விற்பார்கள். மை ஓவியத்தைச் சட்டமிடாமல் சுருட்டி, கெட்டியான குழாயில் கைப்பையாக எடுத்துவரலாம். ஓவியர் கையொப்பமிட்ட சான்றிதழையும் கட்டணச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலைத்தெருவின் பழம்பொருட் கடையில் பழங்காலத்து ஓவியமோ மை உரைக்கும் கல்லோ வாங்கினால், அது நாட்டைவிட்டு வெளியே செல்லத் தடையில்லாத பொருள்தான் என்று விமான நிலையத்தில் உள்ள மரபுரிமை மதிப்பீட்டு அலுவலகத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். அதற்கென ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள்.